பார்ப்பதற்காக ஒரு பயணம்

நம் குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து பயணம் போவதே இல்லை என்று யாராவது சொன்னால் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். போகத்தான் செய்கிறார்கள். ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் இரவோடு இரவாகப் புறப்படுகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். நேர்ந்துகொண்ட மொட்டையை இறக்கக் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறார்கள். பங்காளித் தகராறென்றால் தாலுகா அலுவலகத்துக்கும், பணமுடையென்றால் மாமன் மச்சான் வீட்டுக்கும் போகிறார்கள். இவையும் பயணங்கள்தாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ‘அந்த மலை எப்படி இருக்கும், அந்த ஆறு எங்கே தொடங்குகிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம்’ என்று புறப்பட்ட பயணம் இவற்றுள் ஒன்றேனும் உண்டா?

இல்லை. நம்மவர்களின் இருவர் பயணம் எல்லாம் கட்டாயப் பயணம். சாவு அழைக்கிறது, நோய் அழைக்கிறது, கடன் அழைக்கிறது. காடும் ஆறும் மலை ஏரியும் நம்மை அழைப்பதாக நாம் நினைப்பதேயில்லை. அவை கார் வைத்திருப்பவர்களுக்கும், புதிதாக மணமானவர்களுக்கும், திரைப்படத்தில் பாட்டுப் பாடுகிறவர்களுக்கும் உரியவை என்று விட்டுவிட்டோம். இந்த எண்ணம் தவறானது. அதோடு நம் பெற்றோருக்கு இழைக்கப்படும் அநீதியுமாகும். இதை நம் கல்லூரி மலரின் வாயிலாக மாணவத் தோழர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

இலக்கியம் காட்டும் இருவர்

தமிழ் இலக்கியத்தில் இருவர் பயணத்துக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாடல்களில் ‘உடன்போக்கு’ என்று ஒன்று உண்டு. பெற்றோர் அறியாமல் தலைவனோடு தலைவி சுரம் கடந்து போவதைப் பாடுவது அது. அதைவிடப் பெரிய பயணம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அந்தக் காப்பியத்தின் பத்தாவது காதைக்கு நாடுகாண் காதை என்றும், பதினோராவது காதைக்குக் காடுகாண் காதை என்றும் பெயர். கோவலனும் கண்ணகியும் புகார் நகரை விட்டுப் புறப்பட்டு, கவுந்தியடிகளின் துணையோடு காவிரிக் கரையில் நடக்கிறார்கள். திருவரங்கத்தையும் உறையூரையும் கடந்து, காட்டு வழியில் நுழைந்து, வையை ஆற்றைத் தெப்பத்தில் தாண்டி மதுரையின் புறஞ்சேரியை அடைகிறார்கள். வயலும் சோலையும் ஆறும் காடும் நிறைந்த நீண்ட நடைப்பயணம் அது.

ஆனால் கண்ணகி எப்போது நாடு கண்டாள், எப்போது காடு கண்டாள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் செல்வம் குவிந்திருந்த நாளில் அன்று. மாசாத்துவான் மருமகளுக்கு ஒரு வண்டி கிடைக்காமலா போயிருக்கும்? வண்டி இருந்திருக்கும், அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை. எல்லாம் தொலைந்து, காற்சிலம்பு ஒன்றே முதலாக எஞ்சிய பிறகுதான், பாதம் நோக நடந்து அவள் காவிரியைக் கண்டாள். கணவனோடு அவள் போன அந்த ஒரே நெடும்பயணமும் பிழைப்பைத் தேடிய பயணம். அது எங்கே போய் முடிந்தது என்பதை நாம் அறிவோம். நம் வீட்டுப் பெண்களின் பயணக் கதையும் இன்றுவரை ஏறக்குறைய இதேதான். வாழும்போது வாய்க்காத பயணம் துன்பம் வந்தபோது வாய்க்கிறது.

எவை தடை?

‘ஏன் போவதில்லை?’ என்று கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். பணம் இல்லை என்பது ஒன்று. நேரம் இல்லை என்பது இரண்டு. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது மூன்று. கார் வாங்கிய பிறகு போகலாம் என்பது நான்கு.

முதல் தடைக்குக் கொச்சியில் வாழ்ந்த ஒரு கணவன் மனைவி விடை சொல்லியிருக்கிறார்கள். விஜயன், மோகனா என்பது அவர்கள் பெயர். அவர்கள் நடத்தியது ஒரு சிறிய தேநீர்க் கடை. நாளொன்றுக்கு 300 ரூபாய் எடுத்துவைத்தார்கள். போதாததற்குக் கடன் வாங்கினார்கள். திரும்பி வந்து கடையில் உழைத்து அந்தக் கடனை அடைத்தார்கள். அடைத்ததும் அடுத்த ஊருக்குத் திட்டமிட்டார்கள். இப்படியே 26 நாடுகளைப் பார்த்தார்கள். 2021-இல் ரஷ்யா சென்று திரும்பிய சில வாரங்களில், அவ்வாண்டு நவம்பரில், விஜயன் காலமானார். டீ ஆற்றும் கைகள் உலகப் படத்தைத் தொடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். நான் 26 நாடுகளைக் கேட்கவில்லை. நம் மாநிலத்திலேயே இருக்கும் ஒரு மலையைத்தான் கேட்கிறேன்.

நேரம் இல்லை என்பதும் முழு உண்மை அன்று. திருமணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஆண்டுக்குப் பத்து நாளாவது நாம் ஊர் ஊராக அலைகிறோம். அந்தப் பத்து நாளில் நான்கை எடுத்து இருவருக்காக வைக்க நமக்கு மனம் வருவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது தடை பொல்லாதது. பணத்தைச் சேர்த்துவிடலாம், வாயை எதைக் கொண்டு மூடுவது? இதை நான் என் வீட்டிலேயே கண்டேன். வாதத்துக்குச் சான்று வேண்டும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சான்று

என் தந்தை லாரி ஓட்டுநர். மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்கு வருவது பதினெட்டு ஆண்டுகளாக அவர் தொழில். சேலம் வழிச் சாலை அவருக்கு மனப்பாடம். ஆனால் மேட்டுப்பாளையத்துக்கு மேலே அவர் போனதில்லை. மண்டியில் சுமை ஏறியதும் வண்டியைத் திருப்பிவிடுவார். மேலே இருக்கும் நீலமலை அவருக்கு இரவில் தெரியும் விளக்குகள் மட்டுமே. என் தாய் சிட்லபாக்கத்தில் வீட்டிலிருந்தே ரவிக்கை தைக்கிறார். மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அந்தச் சாலையிலுள்ள ஊர்ப் பெயர்களெல்லாம் அவருக்கும் தெரியும். கணவர் போனில் ‘ஆத்தூர் தாண்டிட்டேன்’, ‘பவானி வந்துட்டேன்’ என்று சொல்லக் கேட்டுக் கேட்டுத் தெரியும். ஓர் ஊரையும் கண்ணால் பார்த்ததில்லை.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. எனக்குக் கிடைத்த அந்தத் தொகையில் மாதம் 500 ரூபாயாகப் பதினான்கு மாதம் சேர்த்தேன். ஏழாயிரம் ஆயிற்று. ‘நீங்கள் இருவரும் ஊட்டிக்குப் போய்வாருங்கள், தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றேன். தந்தை சிரித்தார். தாய் சிரிக்கவில்லை. “கல்யாண வயசுல பொண்ணை வச்சிக்கிட்டு இவங்களுக்கு என்ன ஊட்டி வேண்டிக் கிடக்குன்னு கேப்பாங்கடி” என்றார். அவர் சொன்னதுபோலவே பெரியம்மா கேட்டார். பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டார். ‘சாவுக்குப் போகும்போது யாரும் கேட்கவில்லையே, இதற்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள்?’ என்பதுதான் நான் தாயிடம் வைத்த வாதம். ஒரு வாரம் கழித்து அவர் ஒப்புக்கொண்டார்.

தைப்பூசம் கழிந்த இரண்டாம் நாள் மாலை கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் அரசு விரைவுப் பேருந்தில் ஏறினார்கள். திரும்பி வந்ததும் அம்மா சொன்னது இது: “முதல் ரெண்டு மணி நேரம் உங்கப்பா வலது காலால பிரேக்கை மிதிச்சிக்கிட்டே வந்தாருடி.” பிறகு அவர் கால் ஓய்ந்ததாம். பதினெட்டு ஆண்டுகளில் முதல்முறையாகச் சாலையை விட்டுச் சன்னலைப் பார்த்தாராம். செங்கல்பட்டைத் தாண்டியதும் பாலாறு. விழுப்புரத்துக்கு அப்பால் தென்பெண்ணை. ஆத்தூர்ப் பக்கம் வசிட்டநதி. நள்ளிரவு கடந்து குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவே காவிரி. ஒவ்வொரு பாலத்திலும் மனைவியைத் தட்டி எழுப்பிப் பெயர் சொல்லியிருக்கிறார். காவிரிப் பாலத்தில் நிலவு தண்ணீரின் மேல் விழுந்திருந்தது. “இத்தனை வருஷமா இதுமேலதான் போனேன், தண்ணிய இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றாராம்.

விடியற்காலையில் மேட்டுப்பாளையம். அவர் வழக்கமாகத் திரும்பும் இடம். பேருந்து திரும்பாமல் பவானி ஆற்றைத் தாண்டி மலையேறியது. பர்லியாறு, குன்னூர், உதகை. கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கையும் ஓட்டுநர் திருப்பும்போது என் தந்தை அவர் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாராம். உதகையில் இரண்டு நாள். பிறகு பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர். மறுநாள் காலை மைசூர்ச் சாலையில் தெப்பக்காடு, முதுமலைக் காட்டின் நடுவே. எல்லாம் பேருந்திலேயே. போக வர, தங்க, உண்ண எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தைத் தாண்டவில்லை.

இதில் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான பேர் நாள்தோறும் போய்வரும் வழிதான். ஆனால் போனவர்கள் இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சாகாமல், யாருக்கும் நோயில்லாமல், பார்ப்பதற்காகவே சேர்ந்து போனவர்கள். அதுதான் செய்தி.

கார் வேண்டுமா?

இப்போது நான்காவது தடைக்கு வருகிறேன். ‘கார் வாங்கிய பிறகு’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் பலர். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு: மலையில் காருக்கு இடமில்லை.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்கு நீதிமன்றம் எண்ணிக்கையையும் வரையறுத்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கு விலக்கு உண்டு. அரசுப் பேருந்திலும் இரயிலிலும் வருகிறவர்களுக்கும் விலக்கு உண்டு.

இந்த விலக்கின் பொருளைச் சிந்திக்க வேண்டும். நீதிமன்றம் மனிதர்களைத் தடுக்கவில்லை, வாகனங்களைத்தான் எண்ணியது. இரண்டு பேருக்கு ஒரு கார் என்றால் ஐம்பது பேருக்கு இருபத்தைந்து கார். அதே ஐம்பது பேருக்கு ஒரு பேருந்து போதும். இருபத்தைந்து கார்கள் வளைவில் நிற்கவும், புகை கக்கவும், இரவில் விளக்கடிக்கவும் தேவைப்படும் இடத்தை எங்கிருந்து எடுப்பது? மலையைக் குடைந்துதானே எடுக்க வேண்டும்? குடைந்த மலை மழையில் என்ன செய்யும் என்பதை 2009 நவம்பரில் நீலகிரி கண்டது. நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மலையின் தோளில் நாம் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பது வெறும் போக்குவரத்துக் கேள்வி அன்று.

காட்டுக்கும் இதே நியாயம்தான். முதுமலையிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகும் சாலையில், கர்நாடகப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்கு 2009-இல் தடை வந்தது. வண்டியில் அடிபட்டு விலங்குகள் மடிந்ததே காரணம். சாலை நாம் போட்டது; காடு நாம் போட்டதன்று. பகலெல்லாம் நமக்குக் கொடுத்த வழியை இரவில் மானும் யானையும் திரும்பக் கேட்டால் அது பேராசையாகாது.

ஆகவே, ‘நமக்குக் கார் இல்லையே’ என்று ஏங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மலை தாங்கக்கூடிய பயணி கார் இல்லாத பயணியே. நம் ஏழ்மை இந்த ஓர் இடத்தில் குறையன்று, தகுதி.

விருந்தாளியின் கடமை

‘சுற்றுலாப் பயணிகளால்தான் காடும் மலையும் கெடுகின்றன, ஆகவே யாருமே போகாமல் இருப்பதே நல்லது’ என்று சொல்வோரும் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. மசினகுடியில் 2021 ஜனவரியில் நடந்ததை எப்படி மறப்பது? தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின் மேல் எரியும் டயரை எறிந்தார்கள். தீக்காயப்பட்ட அந்த யானை பின்னர் இறந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2020 அக்டோபரில், அந்தச் சீகூர்ப் பகுதியின் யானை வழித்தடத்தை உறுதிசெய்து உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. யானையின் வழியில் விடுதி கட்டிவிட்டு, யானை வந்தது என்று கோபப்படுவது எந்த ஊர் நியாயம்?

ஆனால் அதே காட்டில் இன்னொரு கணவன் மனைவியும் இருக்கிறார்கள். தெப்பக்காட்டைச் சேர்ந்த பொம்மன், பெள்ளி இணையர், காட்டுநாயக்கர் குலத்தவர். தாயைப் பிரிந்த யானைக் குட்டிகளைப் பிள்ளைபோல் வளர்த்தவர்கள். அவர்களைப் பற்றிய ‘தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்’ என்ற ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதே ஆண்டில் தமிழக அரசு பெள்ளியை யானை முகாமில் தற்காலிகக் காவடியாக நியமித்தது. பெண் ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல்முறை. நாம் ‘காடு’ என்று எதைப் பார்க்கப் போகிறோமோ, அது இவர்களுக்கு வீடு. பிறர் வீட்டுக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்வோமோ அப்படி நடந்துகொண்டால் போதும், தனிச் சட்டம் எதுவும் வேண்டாம். விருந்தாளி சத்தம் போடமாட்டான், குப்பை கொட்டமாட்டான், ‘வெளியே வா, படம் எடுக்க வேண்டும்’ என்று வீட்டுக்காரனை அதட்டமாட்டான். என் தாய் ஒரு எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டியும் இரண்டு துணிப் பையும் கொண்டுபோனார். நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தடை விதிக்கப்பட்டது. அவருக்கு அந்தத் தடை தெரியாது. வீட்டில் அதுதான் பழக்கம், அதைக் கொண்டுபோனார்.

யாருமே போகவேண்டாம் என்பது தீர்வாகாது. அப்படிச் சொன்னால் பணமுள்ளவன் எப்படியும் போய்விடுவான். நின்றுபோவது நம்மைப் போன்றவர்கள்தாம். காட்டைப் பார்த்திராத மக்களிடம் போய்க் ‘காட்டைக் காப்பாற்றுங்கள்’ என்று சொல்வதிலும் பொருளில்லை. தாவரவியல் வகுப்பில் சோலைக்காட்டைப் பற்றிப் படித்தேன். மலை மடிப்பில் நெருங்கி நிற்கும் அந்தக் குட்டை மரங்களும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளியும் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகின்றன என்பது பாடம். தேர்வுக்கு எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. என் தாயோ பைக்காராவைத் தாண்டியபோது சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, “மேல மழையே இல்ல, கீழ தண்ணி ஓடுது, எங்கேயிருந்து வருது?” என்று கணவரிடம் கேட்டிருக்கிறார். பாடம் சொல்லாத வேலையைப் பயணம் செய்தது. கேள்வியை அவர் வாயிலிருந்தே வரவழைத்தது.

மலை ஏரியும் நம்மூர் ஏரியும்

பயணத்தின் பயன் திரும்பி வந்த பிறகு தெரியும் என்பார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை.

உதகை ஏரி இயற்கையாக அமைந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1823-25இல் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரியும் அப்படியே, 1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி அமைத்தது. பைக்காராவில் நாம் படகு விடும் நீர்ப்பரப்பும் அணை கட்டித் தேக்கியதே. நாம் ‘மலை ஏரி’ என்று வியந்து பார்ப்பவற்றுள் பலவும், கரை போட்டு நீர் தேக்கிய ஏரிகள். நம் முன்னோர் செங்கல்பட்டுச் சீமையெங்கும் வெட்டி வைத்தவற்றின் உறவு முறைதான்.

என் தாய் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. மதுராந்தகத்துப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டு வளர்ந்தவர். உதகை ஏரிக் கரையில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு மதகு எங்க இருக்கு?” என்பதுதான். படகு ஓட்டுபவருக்கு விடை தெரியவில்லையாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதகை ஏரி முதலில் இன்றுள்ளதைவிடப் பெரியது. குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் அதன் பழைய பரப்பில் எழுந்தவை. கேட்ட கதைபோல் இருக்கிறதல்லவா? நம் சிட்லபாக்கம் ஏரியும் ஒரு காலத்தில் 80 ஏக்கருக்கும் மேல் இருந்து, கட்டடங்களாலும் ஆக்கிரமிப்பாலும் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. அதன் கரையில் பல்லாண்டு குப்பை கொட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. தேங்க இடமில்லாத தண்ணீர் தெருவுக்கு வந்தது. பின்னர் ஊர் மக்கள் பேசினார்கள், எழுதினார்கள், கரையில் இறங்கி வேலை செய்தார்கள். 2019-இல் ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. தூர் வாரினார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள், நடைபாதை அமைத்தார்கள்.

அந்த நடைபாதை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. என் பெற்றோர் அதில் ஒருநாளும் சேர்ந்து நடந்ததில்லை. ஊட்டியிலிருந்து வந்த பிறகு, தந்தைக்கு லோடு இல்லாத மாலைகளில் நடக்கிறார்கள். நாமக்கோழியும் நீர்க்காகமும் இருப்பதை என் தாய் இப்போதுதான் பார்க்கிறார். தண்ணீரில் ஒரு பை மிதந்தால் இப்போதுதான் அவருக்குக் கோபம் வருகிறது. ‘அறுநூறு கிலோமீட்டர் போய்ப் படகுக்குக் காசு கொடுத்துப் பார்த்த அதே தண்ணீர்தானே இது?’ என்கிறார். மலை ஏரி அவருக்குக் கொடுத்தது நம்மூர் ஏரியைப் பார்க்கும் கண்ணை.

செய்ய வேண்டியவை

அரசு செய்ய வேண்டியவை சில உள்ளன. மலைக்குப் போகும் பேருந்துகளைக் கோடையில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் கூட்ட வேண்டும். உதகையிலிருந்து எமரால்டு, அவலாஞ்சி போன்ற இடங்களுக்கு, காலையில் போய் மாலையில் திரும்பும் வகையில், பயணிகளுக்கென்று பேருந்து விட வேண்டும். இரவுப் பேருந்து நிற்கும் வழியோர உணவகங்களில் பெண்கள் முகம் சுளிக்காமல் போகக்கூடிய கழிப்பறை வேண்டும். என் தாய் அந்தப் பயணத்தில் பயந்தது யானைக்கன்று, கழிப்பறைக்குத்தான். இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காமலே போயிருக்கிறார். எத்தனையோ பெண்கள் பயணமே வேண்டாம் என்று சொல்வதற்குச் சொல்லாத காரணம் இதுவாகத்தான் இருக்கும். மலிவான, தூய்மையான தங்குமிடம் மலையூர்களில் இன்னும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஆண்டுதோறும் நாம் கல்விச் சுற்றுலா போகிறோம். கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் பேராசிரியர்கள் நம்மை அழைத்துப்போய்ச் செடி காட்டுகிறார்கள், பாறை காட்டுகிறார்கள். அந்தப் பணத்தைக் கட்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பட்டம் மட்டும்தானா முதல் தலைமுறைக்கு உரியது? மலையையும் முதலில் பார்த்த தலைமுறை நாம்தான். அதற்கு முந்திய தலைமுறை நமக்குச் செலவுக்குப் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் கையசைத்து நின்றது.

ஆகவே ஒரு யோசனையை முன்வைக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் விருப்பமுள்ள மாணவர்கள் மாதம் 100 ரூபாயாவது சேர்த்துவைப்போம். உதவித்தொகை பெறுவோர் கூடுதலாகவும் சேர்க்கலாம். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அவரவர் தாய் தந்தையரை ஒருமுறை, இருவரை மட்டும், பேருந்தில் ஏற்றி அனுப்புவோம். ஊட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சவ்வாது மலையாக இருக்கலாம், கொல்லிமலையாக இருக்கலாம், ஏற்காடாக இருக்கலாம். எந்தப் பேருந்து எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம், எந்த மாதத்தில் போகலாம் என்பதை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு சிறு கையேடாக எழுதிவைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும். தந்தையோ தாயோ இல்லாத தோழர்களின் வீட்டில், இருப்பவரோடு அத்தையோ பாட்டியோ போகட்டும். நோக்கம் ஒன்றுதான்: வாழ்நாளில் ஒரு தடவையேனும் நம் வீட்டுப் பெரியவர்கள் யாருடைய சாவுக்காகவும் இல்லாமல் பேருந்து ஏற வேண்டும்.

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்ற கேள்விக்கு விடையையும் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். எல்லாக் கதையும் கேட்டார். மதகு கதையைக் கேட்டுச் சிரித்தார். புறப்படும்போது என்னைத் தனியே அழைத்து, “அந்த பஸ் சாயங்காலம் எத்தனை மணிக்கும்மா?” என்று கேட்டார்.